ஐயாயிரம் அடி உயரத்தில் ஒரு மியாட்டா: சூப்பர்சார்ஜரில் தொடங்கி டர்போவுக்குப் போன கதை

டென்வருக்கு வேலை மாற்றலாகி வந்த முதல் வாரமே என் கார் நோஞ்சானாகிவிட்டது. ஹூஸ்டனில் இருந்தவரை அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1995-ஆம் வருட மாஸ்டா மியாட்டா. இரண்டே இருக்கை, மடக்கும் துணிக்கூரை, 1.8 லிட்டர் இஞ்சின், 128 குதிரைச் சக்தி. இன்றைய கணக்கில் அது ஒன்றுமே இல்லைதான். ஆனால் வண்டியின் எடையே ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும், அதற்கு இது போதும் என்றுதான் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

டென்வரில் நெடுஞ்சாலையில் ஏறும்போது ஆக்சிலேட்டரை அடிவரை மிதித்தும், பின்னால் வந்த சரக்கு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். கிளட்ச் வழுக்குகிறதோ என்று முதலில் சந்தேகம். அப்புறம் ஸ்பார்க் பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், பெட்ரோல் ஃபில்டரையும் விடவில்லை. எதற்கும் அசையவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று நாள் நான் பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்தார். "படி ஏறினால் உனக்கு மூச்சு வாங்குகிறதா?" என்றார். ஆமாம் என்றேன். "இதற்கும் அதேதான்."

டென்வர் கடல் மட்டத்திலிருந்து சரியாக ஒரு மைல் உயரம், 5,280 அடி. கடலோரத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல் என்றால் இங்கே சுமார் 84. இஞ்சின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் ஆறில் ஒரு பங்கு காற்று வராமலே போகிறது. என் 128 குதிரையில் இருபதுக்கும் மேல் ஹூஸ்டனிலேயே தங்கிவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். இது டென்வர் நகரத்துக் கணக்கு. மேற்கே மலைக்குப் போனால், லவ்லேண்ட் கணவாய் 11,990 அடி. அங்கே வண்டி இரண்டாம் கியரில் அழுதுகொண்டே ஏறும்.

காரை விற்க மனமில்லை. மிச்சம் இருந்தது, காற்றை அழுத்தி உள்ளே அனுப்பும் வழி. டர்போவா, சூப்பர்சார்ஜரா? மூன்று வருடத்தில் இரண்டையும் போட்டு ஓட்டிவிட்டேன். அதற்கு ஒரு இஞ்சினையும் காவு கொடுத்தேன்.

இரண்டும் செய்கிற வேலை ஒன்றுதான். வெளியே இருக்கிற காற்றை நெருக்கி இஞ்சினுக்குள் தள்ளுவது. தள்ளுவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வித்தியாசம். சூப்பர்சார்ஜர் நம் ஊர் மாவு மில் மாதிரி, இஞ்சினின் முன்புறப் புல்லியிலிருந்து ஒரு பெல்ட் போய் அதைச் சுற்றும். இஞ்சின் சுற்றினால் அதுவும் சுற்றும், காத்திருப்பே கிடையாது. ஆனால் சுற்றுவதற்கான கூலியை இஞ்சினே தன் கையிலிருந்து கொடுக்க வேண்டும். டர்போவுக்கு பெல்ட் இல்லை. வீணாக வெளியே போகும் புகையின் சூடும் வேகமும் ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தும். அதற்காகப் புகை இலவசம் என்று நினைக்க வேண்டாம், வெளியேறும் வழியில் தடை வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஆனால் பெல்ட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. புகை போதுமான அளவு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் தொல்லை.

சூப்பர்சார்ஜரின் மூதாதை காருக்காகப் பிறந்ததே இல்லை. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை வாங்கிய காற்றூதி அது. உருக்கு உலைகளுக்குக் காற்று ஊதப் பிரபலமானது. இன்றும் அந்த வகைக்கு 'ரூட்ஸ்' என்றுதான் பெயர். டர்போவுக்குக் காப்புரிமை 1905-இல், சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி வாங்கியது.

உள்ளூர் மியாட்டாக்காரர்கள் இரண்டு பேர் தங்கள் கார்களை எனக்கு ஓட்டக் கொடுத்தார்கள். ஒன்றில் ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர், மற்றதில் டர்போ. சூப்பர்சார்ஜர் வண்டியை எடுத்துச் சிக்னலிலிருந்து கிளப்பினதுமே மனசைப் பறிகொடுத்தேன். காலின் கீழே எப்போதும் ஒரு தயார்நிலை. ஏதோ 1.8 லிட்டர் இஞ்சினை எடுத்துவிட்டு 2.5 லிட்டர் வைத்த மாதிரி இருந்தது, வேறு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. டர்போ வண்டியோ நிமிடத்துக்கு 3,000 சுற்றுவரை என் நோஞ்சான் வண்டியே. அதற்குமேல் யாரோ பின்னாலிருந்து உதைத்த மாதிரி. அந்த நண்பர் சிரித்துக்கொண்டே வந்தார், நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சூப்பர்சார்ஜர்தான். இப்போது யோசித்தால், அந்த இரண்டு கார்களையும் நான் ஊருக்குள்தான் ஓட்டினேன். இரண்டு பேரும் என்னை மலைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும்.

பழைய எம்45 கிட் ஒன்று 1,300 டாலருக்குக் கிடைத்தது. பூட்டியது நானே, இரண்டு வார இறுதிகளில். சூப்பர்சார்ஜரின் பெரிய வசதி இதுதான்: புகைக் குழாய் பக்கமே போக வேண்டாம். எண்ணெய்க் குழாய் இழுக்க வேண்டாம், அதற்கான எண்ணெய் அதற்குள்ளேயே இருக்கிறது. இஞ்சினின் அடியில் எண்ணெய் தங்கும் சம்ப்பில் துளை போட வேண்டாம். பழைய உள்வாங்கு குழாய்களைக் கழற்றி, இதை உட்கார வைத்து, பெல்ட்டை மாட்டினால் வண்டி ஓடும். வீட்டு கேரேஜில் சாதாரண ஸ்பேனர் செட்டோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

முதல் நாள் ஓட்டிவிட்டு வந்து மனைவியிடம், "என்ன வேணும்னாலும் கேளு" என்றேன். "கிரெடிட் கார்டு பில்லைக் காட்டுங்க" என்றாள்.

முதல் சந்தேகம் கேஜைப் பார்த்தபோது வந்தது. பூஸ்ட் என்றால் வெளிக்காற்றுக்கு மேல் கூடும் அழுத்தம், அதை பிஎஸ்ஐ என்ற அலகில் சொல்வார்கள். ஆறு பிஎஸ்ஐ பூஸ்ட் தரும் புல்லி அது. என் முள் ஐந்தைத் தாண்டவே இல்லை. எங்கோ காற்று கசிகிறது என்று சோப்புத் தண்ணீர் தடவித் தேடினேன், ஒரு குமிழி இல்லை. கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. ரூட்ஸ் வகை சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இவ்வளவு கொள்ளளவு காற்று என்று அள்ளிப் போடும். எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம், அதாவது முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே வருவது மெல்லிய காற்று என்றால் வெளியே போவதும் அதே விகிதத்தில் மெலிந்ததுதான். வெளி அழுத்தத்தை அது ஏறக்குறைய 1.4 மடங்கு ஆக்குகிறது. 101-ஐ 1.4 மடங்காக்கினால் ஆறு பிஎஸ்ஐ கூடும், 84-ஐ ஆக்கினால் ஐந்துதான். மலையில் இன்னும் ஏற ஏற முள் இறங்கிக்கொண்டே வந்தது. எந்த வியாதிக்காக மருந்து வாங்கினேனோ, மருந்துக்கும் அதே வியாதி.

சின்னப் புல்லி போட்டு வேகமாகச் சுற்ற வைக்கலாமே என்பீர்கள். போட்டேன். இரண்டு விஷயம் நடந்தது. மேல் சுற்றுகளில் பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. கருகின ரப்பர் நாற்றம். அது கூடச் சமாளிக்கலாம், பெல்ட்டை இறுக்கினால் போதும். சமாளிக்க முடியாதது சூடு. காற்றை அழுத்தினால் சூடாகும் என்பது சைக்கிள் பம்ப் அடித்த எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சூடாகும் என்பது அழுத்துகிற கருவியின் திறமையைப் பொறுத்தது. அந்தக் கால ரூட்ஸ் வகையின் திறன் 55 சதவீதத்தை ஒட்டி, நல்ல டர்போவுடையது 70-ஐத் தாண்டும். 35 டிகிரிக் காற்றை உள்ளே எடுத்து 1.4 மடங்கு அழுத்தினால் ரூட்ஸிலிருந்து 90 டிகிரிக்குமேல் வெளியே வரும். என் வண்டியில் வெப்பமானி வைத்துப் பார்த்தேன். பெரிய புல்லியிலேயே கோடை மதியத்தில் 95 காட்டியது, சின்னதில் நூற்றைத் தாண்டியது. அந்தக் கிட்டில், அழுத்திய காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர் வைக்க இடமே இல்லை. சூப்பர்சார்ஜரிலிருந்து காற்று நேராக இஞ்சினுக்குள். ஹூஸ்டன் காரர் ஒருவரிடம் 93 ஆக்டேன் பெட்ரோல் கிடைக்கிறதே என்று பொறாமைப்பட்டேன். ஆக்டேன் எண் கூடக் கூட, பெட்ரோல் தானாக வெடிக்காமல் அதிக அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கும். கொலராடோ பம்புகளில் உயர்ந்ததே 91. ரெகுலர் என்று போட்டிருப்பது வெறும் 85.

அந்த 85-தான் என் இஞ்சினைத் தின்றது.

நியூஜெர்சியிலிருந்து மச்சான் குடும்பத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தான். ஆசையாகக் கேட்டான் என்று ஒரு சனிக்கிழமை காலை சாவியைக் கொடுத்தேன். நல்ல பையன், திருப்பிக் கொடுக்கும்போது டேங்கை நிரப்பிக் கொண்டுவந்தான். நியூஜெர்சியில் பெட்ரோலை நாமே போடக் கூடாது, பம்ப்பில் ஆள் வந்துதான் போடுவார். அதனால் அவனுக்குப் பம்ப்பில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்ற பழக்கமே இல்லை, விலை குறைந்ததை அழுத்தியிருக்கிறான். எனக்குத் தெரியாது. மதியம் ஐ-70 நெடுஞ்சாலையில் ஃபிளாய்ட் ஹில் ஏறுகிறேன். நீளமான ஏற்றம், கோடை வெயில், சின்னப் புல்லி. பாதியில் பானெட்டுக்குள்ளிருந்து டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கின மாதிரி ஒரு சத்தம். நாக்கிங். தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும்வரை காத்திராமல் ஓரத்திலிருக்கும் கலவை தானே வெடிக்கிற சத்தம் அது. உடனே காலை எடுத்திருக்க வேண்டும். முன்னால் போன வண்டியைத் தாண்டிவிட்டு எடுக்கலாம் என்று ஒரு ஏழெட்டு விநாடி பொறுத்தேன்.

வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றினால் நான்காவதின் பீங்கானில் மிளகுத்தூள் தூவின மாதிரி பளபளப்பான புள்ளிகள். அலுமினியம், அதாவது பிஸ்டனின் துகள். அழுத்தம் சோதித்தால் மற்ற மூன்று சிலிண்டரும் சமம், நான்காவது மட்டும் கீழே. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் வளையம் உட்காரும் விளிம்பு உடைந்து போயிருந்தது.

மச்சானிடம் இன்றுவரை சொல்லவில்லை. பெட்ரோல் மூடியில் '91 மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டாதது என் தப்பு. இன்னொன்றும் என் தப்பு: இஞ்சின் எவ்வளவு பெட்ரோல் எடுக்கிறது, எப்போது தீப்பொறி அடிக்கிறது என்பதை நான் கருவிகளிடம் விட்டுவிட்டிருந்தேன். பழைய கிட்டுகளில், பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் அழுத்தத்தையும் ஏற்றிவிடும் ஒரு ரெகுலேட்டர் இருக்கும். பழைய இன்ஜெக்டர் வழியாகவே கூடுதல் பெட்ரோலைப் பிழிந்து தள்ளும் யோசனை. தீப்பொறி அடிக்கும் நேரத்தை, அதாவது டைமிங்கை, கையால் கொஞ்சம் பின்தள்ளி வைப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இது ஓடும். ஒரு விஷயம் பிசகினால் எச்சரிக்க ஆள் இல்லை.

நான்காவது சிலிண்டர் போனதற்கு வேறு பின்னணியும் உண்டு. இந்த இஞ்சின் குடும்பம் முதலில் முன்சக்கர இயக்கக் காரில் குறுக்காகப் படுத்திருந்தது. மியாட்டாவுக்காக அதை நீளவாக்கில் திருப்பி வைத்தபோது, கூலன்ட் வெளியேறும் வாயைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தார்கள். தண்ணீர் பம்ப்பும் முன்னால், வெளியேறும் வாயும் முன்னால். பின்வரிசையில் இருக்கும் நான்காவதுக்குத் தண்ணீர் ஓட்டம் குறைச்சல். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. பூஸ்ட் ஏற்றினால் முதலில் சூடாவது அதுதான். வெளியேறும் வாயை மறுபடி பின்னுக்கு மாற்றுவதைக் கூலன்ட் ரீரூட் என்பார்கள். இதை இஞ்சின் வெளியே இருக்கும்போது செய்வது சுலபம், உள்ளே இருக்கும்போது தலைவலி. எந்த பூஸ்ட் போடுவதாக இருந்தாலும் முதல் செலவு இதிலும் ரேடியேட்டரிலும் இருக்கட்டும். உயரமான ஊரில் ரேடியேட்டருக்குப் படுவதும் மெல்லிய காற்றுதான் என்பதால் இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

இஞ்சின் வெளியே கிடந்த அந்த மாதம் ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருந்தார்கள். பைக்ஸ் பீக் கூட்டிக்கொண்டு போனேன், 14,115 அடி, உச்சிவரை தார்ச்சாலை. இந்த மலைக்கும் டர்போவுக்கும் உள்ள உறவு எனக்கு அங்கே நிற்கும்போதுதான் உறைத்தது. முதல் உலகப் போர் சமயத்தில் விமானங்கள் மேலே போகப் போக சக்தி இழந்தன. ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ் இதற்கு டர்போ செய்தார். உயரத்தில் அது வேலை செய்கிறதா என்று சோதிக்க, 1918-இல் ஒரு லிபர்ட்டி விமான இஞ்சினை லாரியில் ஏற்றி இந்த மலை உச்சிக்கே கொண்டுவந்தார்கள். கீழே 350 குதிரைச் சக்தி கொடுத்த இஞ்சின் உச்சியில் 230-தான் கொடுத்தது. டர்போ போட்டதும் 356. நூறு வருடம் முன்னாலேயே என் பிரச்சினைக்கு, என் மாநிலத்திலேயே, விடை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

காரணம் எளிமையானது. டர்போவின் வேகத்தை இஞ்சின் புல்லி தீர்மானிப்பதில்லை. வேஸ்ட்கேட் என்ற கதவு, இவ்வளவு பூஸ்ட் வந்தால் போதும் என்று மீதிப் புகையைப் பக்கவாட்டில் திறந்துவிடுகிறது. வெளியே காற்று மெல்லியதாக இருந்தால் கதவு கொஞ்சம் தாமதமாகத் திறக்கும், டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டும். இழந்ததில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் குணம் அதற்கு இயல்பிலேயே இருக்கிறது.

ஜங்க்யார்டிலிருந்து அதே 1.8 இஞ்சின் ஒன்று வாங்கி, இந்த முறை டர்போ. காரெட்டின் பால்பேரிங் வைத்த சின்ன டர்போ, முன்னால் இன்டர்கூலர், பெரிய இன்ஜெக்டர்கள், பெட்ரோலையும் தீப்பொறியையும் கட்டுப்படுத்தும் மெகாஸ்குவிர்ட் என்ற தனி ஈசியூ (இஞ்சின் கணினி), புகையில் ஆக்சிஜன் அளவு காட்டும் வைட்பேண்ட் கேஜ், புதுக் கிளட்ச். எல்லாம் சேர்ந்து 4,800 டாலர். இதில் டர்போவின் விலை நான்கில் ஒரு பங்குகூட இல்லை. புதிதாக வருகிறவர்கள் டர்போ என்ன விலை என்று விசாரிக்கிறார்கள். அதைச் சுற்றி வைக்க வேண்டியவை என்ன விலை என்று கேட்க வேண்டும்.

வேலையும் மூன்று மடங்கு. டர்போவின் பேரிங்குக்கு இஞ்சின் எண்ணெய் போய்த் திரும்ப வேண்டும். போகிற குழாய் மெல்லியது, அழுத்தத்தில் போகும். திரும்பும் குழாயில் அழுத்தமே இல்லை. தண்ணீர் தொட்டியிலிருந்து வடிகிற மாதிரி தானாக இறங்க வேண்டும். அது தடிமனாக, எங்கும் தொய்வில்லாமல், சம்ப்பில் எண்ணெய் மட்டத்துக்கு மேலே போய்ச் சேர வேண்டும். முதலில் நான் அழகுக்காக ஒரு வளைவு கொடுத்து இழுத்தேன். வளைவில் எண்ணெய் தேங்கி, டர்போவின் சீல் வழியாகப் புகைக்குழாய்க்குள் கசிந்து, நீலப் புகை. டர்போவே போச்சு என்று பயந்து புதிதுக்கு விலை விசாரித்த பிறகுதான் குழாயைப் பார்த்தேன். நேராக்கினேன், நின்றுவிட்டது.

அடுத்தது போல்ட்டுகள். புகை மேனிஃபோல்டையும் டர்போவையும் இணைக்கும் ஸ்டட்கள் செந்தழலாகச் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு தளர்ந்துவிடும். ஹை பிளெய்ன்ஸ் ரேஸ்வேயில் முதல் டிராக் நாளன்று மூன்றாவது சுற்றிலேயே ஒரு புதுச் சத்தம், தையல் மெஷின் மாதிரி. நட்டு ஒன்று காணவே இல்லை, இன்னொன்று கையால் சுற்றும் அளவுக்குத் தளர்ந்திருந்தது. கடையில் கிடைத்த சாதாரண ஸ்டட் போட்டிருந்தேன். இன்கோனல் என்ற நிக்கல் கலப்பு உலோகத்தில் விற்கிறார்கள், விலை வயிற்றைக் கலக்கும். ஆனால் அதைப் போட்டபிறகு பிரச்சினையே இல்லை. மியாட்டாவில் பூஸ்ட் வைத்துப் பந்தய மைதானத்தில் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்டத்தில் இந்த நட்டைத் தேடி அலைந்திருப்பார்கள். பக்கத்தில் போகும் ரப்பர் குழாய்களுக்கும் வயர்களுக்கும் வெப்பத் தடுப்பு உறை போடுவதையும் மறக்கக் கூடாது.

சத்தியமங்கலத்தில் என் தாய்மாமா இரண்டு லாரி வைத்து ஓட்டியவர். திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவையும் பருத்தி ஏற்றிக்கொண்டு ராத்திரியில் ஏறி இறங்கியவர். ஃபோனில் டர்போ போட்டிருக்கிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு வேகம் போகும் என்பதல்ல. "கண்ணு, ஏத்தம் ஏறி வந்த சூட்டோட ஆஃப் பண்றியா?" என்றார். "இல்லீங்க மாமா" என்று பொய் சொன்னேன். "பண்ணாதே. ரெண்டு நிமிசம் சும்மா ஓடவிட்டு அப்பறமா நிறுத்து. உள்ள நிக்கற ஆயில் கருகிரும்." தண்ணீரால் குளிரூட்டும் பால்பேரிங் டர்போவுக்கு இது அவ்வளவு அவசியமில்லை என்று புத்தக அறிவு சொன்னது. இருந்தாலும் மலையேறி வந்தால் ரேடியோவில் ஒரு பாட்டு முடியும்வரை இஞ்சினை ஓட விடுகிறேன். மாமாவின் லாரி டர்போக்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் உழைத்தவை.

இனி டைனோ, அதாவது வண்டியின் சக்தியை அளக்கும் கருவி. இதில் ஒரு எச்சரிக்கை. டென்வர் டைனோ கடைகளில் தரும் தாளில் பெரும்பாலும் 'திருத்தப்பட்ட' எண் இருக்கும், அதாவது கடல் மட்டத்தில் இந்த இஞ்சின் எவ்வளவு கொடுக்கும் என்ற மதிப்பீடு. இங்கே அது அளந்ததைவிட ஏறக்குறைய 20 சதவீதம் கூட்டிக் காட்டும். பூஸ்ட் இல்லாத காருக்கு இது நியாயம்தான். டர்போ காரோ இழப்பில் ஒரு பங்கைத் தானே ஏற்கெனவே ஈடுகட்டிவிட்டது. அதற்கும் 20 சதவீதம் கூட்டினால் ஒரே கடனுக்கு இரண்டு முறை வசூல். என் வண்டி சக்கரத்தில் உண்மையாகக் கொடுத்தது 148 குதிரைச் சக்தி, பத்து பிஎஸ்ஐயில். தாளில் இருந்தது 178. பூஸ்ட் இல்லாமல் மொட்டையாக இருந்தபோது 87, சூப்பர்சார்ஜரோடு 112. 148, 87, 112 மூன்றுமே திருத்தாத எண்கள். யாராவது எண் சொன்னால், திருத்தியதா என்று முதலில் கேளுங்கள்.

பத்து பிஎஸ்ஐயில் டர்போவிலிருந்து வரும் காற்று 110 டிகிரியைத் தாண்டுகிறது, சூப்பர்சார்ஜரைவிட அதிகம். ஆனால் இன்டர்கூலர் தாண்டி இஞ்சினுக்குள் நுழையும்போது 50-க்கும் 55-க்கும் நடுவில். ஆக என் சூப்பர்சார்ஜர் தோற்றது பெல்ட் வைத்ததால் மட்டுமல்ல, இன்டர்கூலர் இல்லாததாலும்தான். இன்று வரும் சூப்பர்சார்ஜர் கிட்டுகளில் தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் உள்ளேயே இருக்கிறது. என் அனுபவத்தை அப்படியே எடுத்து அவற்றின்மேல் சுமத்தினால் அது அநியாயம்.

டர்போவில் எனக்கு இன்னும் பிடிக்காதது உண்டு. இந்த உயரத்தில் 3,000 சுற்றுக்குக் கீழே வண்டி முன்னைவிட மந்தம். மெல்லிய காற்றில் புகையும் குறைவு, டர்போ எழுந்திருக்க நேரமாகிறது. கொண்டை ஊசி வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்சிலேட்டரை எப்போது மிதிப்பது என்பதைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. முன்கூட்டி மிதித்தால்தான் தேவையான நேரத்தில் சக்தி வரும். கொஞ்சம் அதிகமாகிவிட்டால் வளைவின் நடுவிலேயே பின்சக்கரம் வெளியே போகும். பத்து பிஎஸ்ஐயில் நிறுத்திக்கொண்டதற்கு அது ஒரு காரணம். இந்த இஞ்சினின் கனெக்டிங் ராடுகளும் ஐந்து கியர் பெட்டியும் அதிக முறுக்குவிசையைத் தாங்காதவை என்பது இன்னொன்று.

கார் கம்பெனிகளும் இதே குழப்பத்தில் இருந்தவைதான். டொயோட்டா எம்ஆர்2-வின் முதல் தலைமுறையில் சூப்பர்சார்ஜர் வைத்தது, அடுத்த தலைமுறையில் டர்போ. மினி கூப்பர் எஸ்ஸும் என்னுடையது போன்ற ஈட்டன் எம்45-இல் தொடங்கி, அடுத்த மாடலில் டர்போவுக்குப் போனது. மாஸ்டாவே 2004-இல் மியாட்டாவுக்கு பூஸ்ட் கொடுக்க நினைத்தபோது டர்போதான் வைத்தது, 178 குதிரைச் சக்தி. லான்சியா டெல்டா எஸ்4 ராலி காரில் இரண்டையும் சேர்த்தே வைத்தார்கள், கீழ்ச் சுற்றுக்கு சூப்பர்சார்ஜர், மேல் சுற்றுக்கு டர்போ. அதையெல்லாம் வீட்டு கேரேஜில் யோசிக்கவே யோசிக்காதீர்கள்.

யாராவது என்னிடம் வந்து எது போடலாம் என்று கேட்டால், நான் திருப்பிக் கேட்பது நான்கைந்து கேள்வி. எந்த ஊரில் ஓட்டுகிறாய்? கடலோரச் சமவெளி என்றால் சூப்பர்சார்ஜர் பக்கம் சாய்வேன், மலைநாடு என்றால் டர்போ. கூம்பு வைத்து ஓட்டும் ஆட்டோகிராஸ் மாதிரி நின்று நின்று கிளம்பும் ஓட்டமா? அதற்கும் சூப்பர்சார்ஜர். நீயே பூட்டுவாயா, வெல்டிங் தெரிந்த ஆள் பக்கத்தில் உண்டா? எந்த மாநிலம்? கலிஃபோர்னியாவில் காற்று வாரியத்தின் அனுமதி எண் இல்லாத கிட்டைப் போட்டால் புகைச் சோதனையில் பானெட்டைத் திறந்து பார்த்தே திருப்பி அனுப்புவார்கள். அங்கே எது சிறந்தது என்பதைவிட எதற்கு அனுமதி எண் இருக்கிறது என்பதுதான் கேள்வி. டென்வரில் என் பழைய காரை உருளைமேல் ஓட்டிப் புகையை அளந்து பார்க்கிறார்கள், அதனால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றாமல் விட்டேன், தேறிவிடுகிறது.

சென்ட்ரிஃபியூகல் சூப்பர்சார்ஜர் என்று ஒன்று உண்டு. அதைப் பற்றியும் ஒரு வார்த்தை. முன்பக்கம் பெல்ட், உள்ளே டர்போ மாதிரிச் சக்கரம். பூஸ்ட் சுற்றோடு சுற்றாக ஏறும், உச்சியில்தான் முழுசாக வரும். ஹோண்டா எஸ்2000 போல 9,000 சுற்றுவரை பறக்கிற இஞ்சினுக்கு அது பொருத்தம். நான் அந்த வகையைச் சொந்தமாக வைத்து ஓட்டியதில்லை, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எதைப் போட்டாலும் ஈசியூவும் வைட்பேண்ட் கேஜும் முதலில். பூஸ்ட் கடைசியில். நான் தலைகீழாகச் செய்தேன்.

அந்த எம்45 இரண்டு வருடம் அட்டைப்பெட்டியில் கிடந்தது. போன வருடம் விற்றுவிட்டேன். வாங்கியவர் ஹூஸ்டன் காரர், என்னுடையது போலவே 1.8 மியாட்டா. புல்லிகள் இரண்டையும் அனுப்பி, பெரியதையே போடுங்கள், சின்னது வேண்டாம் என்று எழுதினேன். ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. டாஷ்போர்டில் பூஸ்ட் கேஜ். முள் சரியாக ஆறில் நின்றது.